பெரட்டுக்குப் பின் பாடம்: ஜோகூர்த் தோட்டப் பிள்ளைகளும் வீட்டுப்பாடமும்

பள்ளியில் கற்றதை மாலையில் வீட்டில் எழுதி மறுநாள் ஆசிரியரிடம் காட்ட வேண்டும் என்னும் வீட்டுப்பாட முறை, பிள்ளையின் வீட்டில் சில வசதிகள் இருக்கும் என்ற எதிர்பார்ப்பின் மேல் அமைந்தது. அமர்ந்து எழுத இடம், விளக்கு, வேலையற்ற மாலைப்பொழுது, ஐயம் தீர்க்கப் படித்த ஒருவர் ஆகிய நான்கும் அதற்குத் தேவை. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஜோகூர் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்ப் பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலோருக்கு இவற்றில் ஒன்றும் முழுமையாகக் கிடைத்ததில்லை. ஆகவே வீட்டுப்பாடத்துக்கு மாற்று என்று இக்காலக் கல்வியாளர் பேசும் பல வழிகளும், எந்தக் கோட்பாட்டின் துணையுமின்றி, தேவையின் காரணமாகவே அங்கு முன்பே நடைமுறையில் இருந்தன.

சீனக் குடியானவர்களின் கம்பீர், மிளகுத் தோட்டங்களால் அறியப்பட்டிருந்த ஜோகூர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பருக்கு மாறியது. 1909-இல் மாநிலத்தின் ஊடாக இருப்புப்பாதை திறக்கப்பட்டபின், சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், லாயாங்-லாயாங், கூலாய் என அதன் வழிநெடுகிலும் தோட்டங்கள் பெருகின. அவற்றுக்கு வேண்டிய ஆட்கள் தமிழகத்திலிருந்து, ஆள்சேர்க்கும் மேற்பார்வையாளர்களான கங்காணிகள் வழியாக வந்து சேர்ந்தனர். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் உள்ள தோட்டங்கள் பள்ளி வைக்க வேண்டும் என்று ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஜோகூர் அக்கூட்டமைப்பைச் சேராத மாநிலமாக இருந்தபோதிலும், அதன் தோட்டங்களிலும் இத்தகைய பள்ளிகள் எழுந்தன. பள்ளி என்பது பெரும்பாலும் ஒரு கொட்டகையே. எல்லா வகுப்புகளுக்கும் ஆசிரியர் ஒருவரே. சில இடங்களில் எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ, அலுவலகக் கணக்கெழுதும் கிராணியோ அப்பொறுப்பையும் ஏற்றிருந்தார்.

தோட்டத்தின் நாள் பெரட்டிலிருந்து தொடங்கியது. விடியலுக்கு முன் தொழிலாளரை வரிசையில் நிறுத்திப் பெயர் அழைத்து வேலை பிரித்துக் கொடுப்பதே பெரட்டு. வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறையும் என்பதால், ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட 300 முதல் 500 வரையிலான மரங்களைக் குளிர்ந்த காலைப் பொழுதிலேயே சீவி முடிக்க வேண்டியிருந்தது. பின்னர்ப் பாலைச் சேகரித்து, சுமந்து, நிறுத்துக் கொடுக்கும்போது நண்பகல் ஆகிவிடும். கணவனும் மனைவியும் ஒருங்கே பால்மரம் சீவப் போன குடும்பங்களில் மூத்த பிள்ளை தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டது. அல்லது பெற்றோருடன் சென்று, வெட்டுக்காயத்திலும் பால் சேரும் கிண்ணமாகிய மங்கிலும் உறைந்து கிடந்த ஒட்டுப்பாலை உரித்தெடுத்துக் கூடையில் சேர்த்தது. குடும்பத்துக்கு ஓர் அறையும் முன்தாழ்வாரமுமாக அமைந்த தொழிலாளர் குடியிருப்பாகிய லயத்தில், மறுநாள் பெரட்டை எண்ணி மண்ணெண்ணெய் விளக்கும் சீக்கிரமே அணைந்தது.

இந்நிலையில் எழுத்துவேலையை வீட்டுக்கு அனுப்புவதில் பொருளில்லை. கற்பலகையில் எழுதியதை அடுத்த பாடத்துக்காக அழித்துவிட வேண்டியிருந்ததால், பிள்ளை வீட்டுக்கு எடுத்துச்செல்லக் கூடியது நினைவில் நின்றது மட்டுமே. இதற்கேற்ற ஒரு மரபு தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில், அதாவது ஓர் ஆசிரியர் தம் வீட்டுத் திண்ணையிலோ ஊர்ப் பொதுவிடத்திலோ நடத்திய பள்ளிகளில், நெடுங்காலம் இருந்தது. அங்கே எண் வாய்பாட்டு நூலாகிய எண்சுவடியைப் பிள்ளைகள் கூட்டமாக உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்தனர். சட்டாம்பிள்ளை எனப்பட்ட மூத்த மாணவன் இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தான். மாலையில் வீடு திரும்பும் பிள்ளைக்கு ஆசிரியர் ஒரு பூ, ஒரு பறவை, ஓர் ஊர் என்பன போன்ற பெயர்களைச் சொல்லி அனுப்புவதும், மறுநாள் காலையில் அவற்றை மறவாமல் வந்து சொல்ல வேண்டுவதுமான வழக்கத்தை உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் பதிவு செய்துள்ளார். தாளும் விளக்கும் வேண்டாத வீட்டுப்பாடம் அது. இந்தப் பயிற்சிகளுள் கூட்டாக ஓதுவதும், மூத்தவர் இளையவருக்குக் கற்பிப்பதும், ஒற்றை ஆசிரியர் பல வகுப்புகளைச் சமாளித்த தோட்டப் பள்ளிக்கு இயல்பாகவே பொருந்தின.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பத்தாண்டில் வேறொரு வழி திறந்தது. சீர்திருத்தச் சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும் பல தோட்டங்களில் இரவு வகுப்புகளை நடத்தின. ஜோகூரைச் சிங்கப்பூருடன் இணைக்கும் பாலத்துக்கு அப்பால், சிங்கப்பூரில் கோ.சாரங்கபாணி நடத்திய 'தமிழ் முரசு' நாளிதழ் 1950களில் மாணவர் மணிமன்றம் என்னும் பகுதியைத் தொடங்கிப் பிள்ளைகளின் எழுத்துகளை வெளியிட்டது. வகுப்பேட்டில் எழுதிய விடையை ஆசிரியர் ஒருவரே திருத்துவார். நாளிதழுக்கு அனுப்பிய கட்டுரைக்கோ மலாயா முழுவதும் வாசகர் இருந்தனர். எழுதும் பிள்ளையின் பெயர் அச்சேறியது; எழுத்துப் பயிற்சிக்கு மதிப்பெண்ணுக்கு அப்பாற்பட்ட ஒரு நோக்கமும் கிடைத்தது. இந்த மணிமன்றத்திலிருந்து பின்னாளில் தமிழ் இளைஞர் மணிமன்றம் என்னும் இயக்கம் கிளைத்தது.

வீட்டுப்பாடத்தை ஐயுற்றோர் பிற நாடுகளிலும் இருந்தனர். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1901-இல் பதினைந்து வயதுக்குட்பட்டோருக்கு அதனைச் சட்டத்தால் விலக்கி, 1917-இல் அச்சட்டத்தைக் கைவிட்டது. பிரான்சு 1956-இல் தொடக்கப் பள்ளிகளில் எழுத்து வடிவ வீட்டுப்பாடத்தைத் தடைசெய்தது. அந்நாடுகளில் பிள்ளையின் உடல்நலமும் ஓய்வும் காரணங்களாகக் காட்டப்பட்டன. ஜோகூரில் தடைசெய்யும் தேவையே எழவில்லை. தோட்ட வாழ்க்கையே அம்முறையை இயலாததாக்கியிருந்தது.

பிரான்சு தடைவிதித்த அதே 1956-இல் மலாயாவில் வெளிவந்த கல்வி குறித்த ரசாக் அறிக்கையும், 1961-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் தமிழ்ப் பள்ளியைத் தேசியக் கல்வி அமைப்புக்குள் கொண்டுவந்தபின் நிலைமை மாறியது. ஆறாம் ஆண்டை முடித்த பிள்ளை புகுமுக வகுப்பு எனப்பட்ட ஓராண்டு மொழிப் பயிற்சியைக் கடந்து வேற்றுமொழியில் இடைநிலைக் கல்வியைத் தொடர வேண்டியிருந்தது. 1988-இல் தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வான யு.பி.எஸ்.ஆர். வந்தபின் பயிற்சி நூல்களும் டியூஷன் வகுப்புகளும் மாலைகளை நிரப்பின. கட்டணம் கட்ட இயலாதோருக்காக, கல்வியாளர் டாக்டர் தம்பிராஜா 1982-இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் போன்ற அமைப்புகள், பல்கலைக்கழக மாணவர்களையே ஆசிரியர்களாக்கிப் பழைய சட்டாம்பிள்ளை முறையைப் புது வடிவில் மீட்டன. 1990களின் இறுதியில் வந்த நீலாம் வாசிப்புத் திட்டம், படித்த நூல்களைப் பிள்ளையே பதிவேட்டில் குறித்துவரச் செய்தது. 2021-இல் யு.பி.எஸ்.ஆர். நீக்கப்பட்டு வகுப்பறை மதிப்பீடு முதன்மை பெற்றதும், செய்து காட்டுதல், படைத்தல், குழுப்பணி ஆகியவற்றுக்கு இடம் கூடியது.

இதற்குள் ரப்பர்த் தோட்டங்கள் பெரும்பாலும் செம்பனைக்கும் குடியிருப்புகளுக்கும் இடம்விட்டு, மக்கள் மாசாய், ஸ்கூடாய், ஜோகூர் பாரு ஆகிய நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். இன்றைய வீட்டில் மேசையும் மின்விளக்கும் உண்டு; பெற்றோரும் படித்தவர்களே. ஆயினும் சிங்கப்பூரில் வேலை செய்வோர் பாலத்து நெரிசலுக்கு அஞ்சி விடியலுக்கு முன் கிளம்பி இரவில் திரும்புகின்றனர். லயத்துப் பிள்ளைக்கு இல்லாதிருந்த நான்கில் மூன்று கிடைத்தபின்னும், நான்காவதாகிய துணை வார நாள்களில் கைக்கெட்டுவதில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் பாடங்கள் கைப்பேசி வழியே வீட்டுக்கு வந்தபோது, உடனிருக்க ஆளுள்ள பிள்ளைக்கும் இல்லாத பிள்ளைக்கும் இருந்த வேறுபாடு பள்ளிகளுக்கு வெளிப்படையாகவே தெரிந்தது. ஜோகூரின் நூற்றாண்டு அனுபவத்தில் பயன்தந்த மாற்றுகள் யாவும், கூட்டாக ஓதுதலோ இரவு வகுப்போ மணிமன்றமோ மாணவர் நடத்திய வகுப்போ, பிள்ளையின் உழைப்பைக் கேட்கவோ படிக்கவோ ஒருவரை ஏற்பாடு செய்தவையே. பணியின் வடிவத்தை மாற்றிவிட்டு அந்த ஏற்பாட்டைப் பெற்றோரின் நேரத்துக்கே விட்டுவிடும் எந்தத் திட்டமும், அதிகாலையில் வேலைக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளைக்குப் பழைய வீட்டுப்பாடத்தைவிட அதிகம் உதவாது.