என்சாட்டினா: மலைக்காட்டுச் சாலமாண்டரின் கலப்பின வரலாறு

என்சாட்டினா வட அமெரிக்காவின் மேற்குக் கரையோர மலைக்காடுகளில் வாழும் சாலமாண்டர். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து மெக்சிகோவின் பாகா கலிபோர்னியா வரை காணப்படுகிறது. பார்வைக்குப் பல்லி போல இருந்தாலும் இது தவளை, தேரைகளின் உறவான இருவாழ்வி. தமிழகக் காடுகளில் சாலமாண்டர் கிடையாது. இந்தியாவில் கிழக்கு இமயமலையிலும் வடகிழக்கிலும் மட்டுமே உண்டு. என்சாட்டினாவின் அண்டைக் கூட்டங்கள் சில இடங்களில் தாராளமாகக் கலக்கின்றன. சில இடங்களில் அரிதாகக் கலக்கின்றன. ஓரிடத்தில் பக்கத்திலேயே வாழ்ந்தும் கலப்பதில்லை. ஒரு சிற்றினம் இரண்டாகப் பிரியும் வழியின் பல கட்டங்களை ஒரே காலத்தில் காட்டும் உயிரினங்கள் மிகச் சில. அவற்றில் முதல் வரிசையில் வைக்கத்தக்கது இது.

இதற்கு நுரையீரல் இல்லை. தோல் வழியாகவும் வாயின் உட்புறம் வழியாகவும் மூச்சு விடுவதால் உடல் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். முட்டையிட ஓடையோ குளமோ தேவையில்லை. மக்கும் மரங்களின் அடியிலும் மண்வளைகளிலும் முட்டையிட்டுத் தாய் காவலிருக்கும். குஞ்சு, நீரில் வாழும் பருவம் இல்லாமல் முழு உருவோடு வெளிவரும். பிறந்த இடத்தைவிட்டு வெகுதொலைவு போவதும் இல்லை. ஈரத்துக்கு இவ்வளவு கட்டுப்பட்ட உயிருக்குக் கலிபோர்னியாவின் நடுவே நீளும் வெப்பமான, வறண்ட மத்தியப் பள்ளத்தாக்கு பெருந்தடை. மேற்கே கடலோர மலைகளிலும் கிழக்கே சியரா நெவாடாவிலும் கூட்டங்கள் தனித்தனியே உருமாறியதற்கு இது முக்கியக் காரணம்.

1850இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஜான் எட்வர்ட் கிரே இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். ரஷ்யக் கப்பலில் கலிபோர்னியாவுக்கு வந்த இயற்கையியலர் எஷ்ஷோல்ட்ஸின் பெயரால் அது என்சாட்டினா எஷ்ஷோல்ட்சி ஆனது. பிறகு வேறு நிறங்களில் கிடைத்தவை வேறு சிற்றினங்களாகவே பதிவாயின. 1929இல் எம்மெட் ரீட் டன் விவரித்த கிளாபெரி அவற்றில் ஒன்று: கரிய உடலில் ஆரஞ்சுப் பட்டைகள் கொண்டது, தெற்கு மலைகளுக்கு உரியது. அதே பகுதிக் கரையோரத்தின் எஷ்ஷோல்ட்சியோ பட்டையே இல்லாத செம்பழுப்பு நிறம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் ஒன்றென்று சொல்லமாட்டார்.

ஒன்றென்று சொன்னவர் ராபர்ட் ஸ்டெபின்ஸ். பெர்க்லியில் உள்ள முதுகெலும்பி விலங்கியல் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த அவர், 1949இல் வெளியிட்ட ஆய்வில் எல்லா வடிவங்களையும் ஒரே சிற்றினத்தின் ஏழு துணைச் சிற்றினங்களாக வகுத்தார். அவர் கருத்துப்படி மூதாதைக் கூட்டம் வடக்கே இருந்தது. அதிலிருந்து ஒரு கிளை கடலோரமாகவும் மற்றொன்று சியரா வழியாகவும் தெற்கே பரவி, பள்ளத்தாக்கைச் சுற்றி வளைத்தன. வழிநெடுக அடுத்தடுத்த கூட்டங்கள் ஒன்றோடொன்று கலந்தன. வளையத்தின் இரு முனைகளும் தெற்கே சந்தித்தபோதோ அவை ஏறக்குறைய வெவ்வேறு சிற்றினங்கள் போல நடந்துகொண்டன. நிறங்களுக்கும் அவர் விளக்கம் தேடினார்: பட்டைகள் இலைச்சருகின் ஒளிநிழலில் உடலை மறைக்கின்றன, கடலோரத்தின் மஞ்சள் கண் கொண்ட சாந்தோப்டிகா, நச்சுள்ள நியூட் என்ற சாலமாண்டரைப் போலத் தோன்றித் தப்பிக்கிறது. இந்த ஒப்புமை வேட்டையாடிகளை ஏமாற்றுகிறது என்பதற்கு 2008இல் சோதனைச் சான்றும் வெளியானது. மரபணுத் தொழில்நுட்பம் எதுவும் இல்லாத காலத்தில், தோலின் நிறத்தையும் வரைபடத்தையும் கொண்டு அவர் எட்டிய தெளிவு வியப்புக்குரியது.

முனைகள் இரண்டும் ஒரே இடத்தில் வாழ்வதை ஸ்டெபின்ஸ் 1957இல் அறிவித்தார். கலப்பினங்களுக்கான சான்றை 1964இல் சார்ல்ஸ் பிரவுனுடன் சேர்ந்து வெளியிட்டார். அடுத்த தலைமுறையில் டேவிட் வேக்கும் அவருடைய கூட்டாளிகளும் நொதிகளையும் பிறகு மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டனர். வளையத்தின் பெருவடிவம் நின்றது. ஆனால் அது தொடர்ச்சியான ஒரே ஓட்டமாக இல்லை. கூட்டங்கள் நெடுங்காலம் பிரிந்து, மீண்டும் சந்தித்து, சில இடங்களில் மறுபடி இணைந்திருந்தன. 1989இல் வெளியான ஆய்வின்படி தெற்கே முனைகள் சந்திக்கும் சில இடங்களில் கலப்பினங்கள் மிகக் குறைவு. தென்கோடிக் குயமாகா மலையில் ஒன்றும் அகப்படவில்லை. 1998இல் ரிச்சர்ட் ஹைட்டன், இதை வளையமாகக் கொள்ளாமல் பல சிற்றினங்களாகப் பிரிக்க வேண்டும் என்றார், வேக் மறுத்தார். ஒரே சிற்றினம், ஏழு துணைச் சிற்றினங்கள் என்ற வகைப்பாடு பரவலாக நிலைத்தது. எல்லை இன்னும் உருவாகிக்கொண்டிருக்கையில் பெயரை மட்டும் முடிவுசெய்வது அவசரம் என்பதால், வேக்கின் தயக்கமே சரியானது.

சியரா அடிவாரத்தில் கதை வேறு. கடலோரச் சாந்தோப்டிகா முன்னொரு காலத்தில் பள்ளத்தாக்கைக் கடந்து, அங்குள்ள புள்ளிகள் கொண்ட பிளாட்டென்சிஸைச் சந்தித்திருக்கிறது. அங்கே கலப்பு வலயம் குறுகியது. கலப்பினங்களுக்கு எதிராக இயற்கைத் தேர்வு வலுவாக இயங்குவதை 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. இணைந்து குஞ்சு பெறுவதில் தடையில்லாவிட்டாலும் அக்குஞ்சுகளின் வழி மரபு பரவுவது கடினம்.

2011இல் டாம் டெவிட்டும் சக ஆய்வாளர்களும் தெற்கின் ஒரு கலப்பு வலயத்தை நுணுக்கமாக ஆராய்ந்தனர். அதன் நடுவில் கலப்பினங்கள் எதிர்பார்த்ததைவிட மிகுதி. அவற்றில் ஏறக்குறையப் பாதி முதல் தலைமுறைக் கலப்பு. மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. தாய்வழியே மட்டும் வருவதால் தாய் யார் என்பதை அறிய முடிந்தது: கிட்டத்தட்ட எல்லாக் கலப்பினங்களுக்கும் தாய்வழி கிளாபெரியே. கிளாபெரிப் பெண் எஷ்ஷோல்ட்சி ஆணை ஏற்கிறது. மறுதிசையில் அது நடப்பதாகத் தெரியவில்லை. எஷ்ஷோல்ட்சிப் பெண்கள் துணையைத் தேர்வதில் கண்டிப்பாக இருக்கலாம், அல்லது மறுதிசைக் கலப்பில் உருவாகும் கருக்கள் பிழைக்காமல் போகலாம் என்று ஆய்வாளர்கள் இரு விளக்கங்களை முன்வைத்தனர்.