கூரை இல்லாதவருக்குச் சூரியன் எட்டுமா? தூய மின்சாரத்துக்கான நிதியும் அது தாண்டிச் செல்லும் வாசல்களும்

உலகில் ஏறத்தாழ 68 கோடிப் பேர் 2022-ஆம் ஆண்டிலும் மின்சாரம் இன்றியே வாழ்ந்தனர் என்று பன்னாட்டு நிறுவனங்கள் கூட்டாக வெளியிட்ட கணக்கு கூறுகிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளைச் சேர்ந்தவர்கள். தூய எரிபொருள் இன்றி விறகிலும் சாணத்திலும் சமைப்போர் 200 கோடிக்கும் மேல். இந்நிலையை மாற்றும் கருவிகள் இல்லாமலில்லை. சூரியமின் தகட்டின் விலை கடந்த பத்தாண்டுகளில் பெரும் சரிவைக் கண்டுவிட்டது. ஆயினும் தகடு கூரைக்கு வந்துசேரவில்லை. இடையில் நிற்பது பணம். அது யாருடைய பணம், எந்த நிபந்தனையில் வருகிறது, யாருடைய வாசலில் நின்றுவிடுகிறது என்பதே நாம் இங்கு ஆராய விரும்புவது.

ஏழைக் குடும்பம் மண்ணெண்ணெயை அரை லிட்டர், கால் லிட்டராக வாங்குகிறது. கூலி வந்த நாளில் வாங்கும். வராத நாளில் இருட்டில் உறங்கும். சூரியமின் அமைப்போ இதற்கு நேரெதிர். எரிபொருட்செலவு இல்லை, ஆனால் பல ஆண்டுகளுக்கான செலவு முழுவதையும் முதல் நாளிலேயே வைக்க வேண்டும். பத்தாண்டுக் கணக்கில் சூரிய ஒளியே மலிவு. ஆனால் பத்தாண்டுக் கணக்குப் போடும் வசதி கையில் காசுள்ளவருக்கே உண்டு. கர்நாடகத்தில் 1995-இல் செல்கோ நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஹரீஷ் ஹாண்டே, ஒரு தெருவோர வியாபாரியிடம் கற்ற பாடமாக இதைப் பல மேடைகளில் சொல்லிவந்திருக்கிறார்: மாதம் முந்நூறு ரூபாய் என்றால் கட்டுப்படியாகாது, நாளைக்குப் பத்து ரூபாய் என்றால் கட்டலாம். கூட்டித்தொகை ஒன்றே. பணம் கைக்கு வரும் முறைக்கு ஏற்பத் தவணை அமையவேண்டும் என்பதே அந்த வியாபாரியின் வாதம். இன்று 'நிதிப் புத்தாக்கம்' என்ற பெரிய பெயரில் வழங்கும் பலவற்றின் அடிப்படை இந்த எளிய உண்மைதான்.

இதனை நாடளாவிய அளவில் செய்துகாட்டியது வங்கதேசம். அந்நாட்டு அரசு 1997-இல் இட்கால் என்னும் உள்கட்டமைப்பு நிதி நிறுவனத்தை உருவாக்கியது. உலக வங்கியும் உலகச் சுற்றுச்சூழல் நிதியமும் துணைநிற்க, 2003-இல் வீட்டுச் சூரியமின் திட்டம் தொடங்கிற்று. ஐந்தாண்டில் 50,000 வீடுகள் என்பது இலக்கு. அது 2005-இலேயே நிறைவேறியது. 2018-இல் திட்டம் முடிவுறும்போது 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் அமைப்புகள் நிறுவப்பட்டிருந்தன. சுமார் 2 கோடிப் பேர் அவற்றின் ஒளியில் வாழ்ந்தனர்.

அதன் நிதி அமைப்பைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். அரசு, உலக வங்கியிடமிருந்து நீண்டகாலக் குறைந்த வட்டிக் கடனைப் பெற்று இட்காலுக்கு அளித்தது. இட்கால் எந்த வீட்டுக்கும் நேரடியாகக் கடன் தரவில்லை. கிராமீன் சக்தி, பிராக் போன்ற, சிற்றூர்களில் ஏற்கெனவே வேரூன்றியிருந்த அமைப்புகளைக் கூட்டாளிகளாக்கியது. அவை வீட்டாரிடம் பத்து முதல் பதினைந்து விழுக்காடு முன்பணம் வாங்கி, மீதியை ஏறத்தாழ மூன்றாண்டுத் தவணைக் கடனாக்கின. நிறுவிய அமைப்பைச் சரிபார்த்தபின், அந்தக் கடனின் பெரும்பகுதியை இட்கால் கூட்டாளிக்கு மறுநிதியாக வழங்கியது. அதைத் திருப்பிச் செலுத்தக் கூட்டாளிக்குக் கூடுதல் ஆண்டுகள் கிடைத்தன. ஆகவே ஒரு வீட்டில் போட்ட பணம் உடனே திரும்பி அடுத்த வீட்டுக்குச் சென்றது. மானியமும் இருந்தது. தொடக்கத்தில் ஓர் அமைப்புக்கு ஏறத்தாழ 90 டாலராக இருந்த அது படிப்படியாகக் குறைக்கப்பட்டு, இறுதியில் சிறு அமைப்புகளுக்கு மட்டும் என்றானது.

நம் கவனத்துக்குரிய இன்னொரு விதியும் அதில் உண்டு. அமைப்பை வாங்கிய ஓராண்டுக்குள் அரசு மின்கம்பி ஊருக்கு வந்துவிட்டால், தேய்மானம் கழித்த விலையில் விற்ற நிறுவனமே அதனைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். ஏழை எடுக்கும் துணிச்சலின் ஆபத்தை ஏழை மட்டுமே சுமக்கக்கூடாது என்பதை ஏட்டிலேயே எழுதிவைத்த விதி அது.

அப்படிப்பட்ட திட்டமும் 2013-க்குப் பின் சரிந்தது. மின்தொகுப்பு வேகமாகப் பரவியது. சந்தையில் தரமற்ற மலிவுத் தகடுகள் குவிந்தன. அரசின் வேறொரு நலத்திட்டம் அதே அமைப்பை இலவசமாக வழங்கத் தொடங்கியது. பக்கத்து வீட்டுக்கு இலவசமாக வந்ததற்கு நான் ஏன் தவணை கட்டவேண்டும் என்று மக்கள் கேட்டதில் தவறென்ன? தவணைகள் நின்றன. கூட்டாளி அமைப்புகள் கடனில் மூழ்கின. ஒரே அரசின் இரு கைகள் ஒன்றையொன்று அறியாமல் இயங்கியதன் விலை அது. மேலும், அமைப்பை முதலில் வாங்கியவர்கள் சிற்றூர்களில் ஓரளவு வசதி படைத்தோரே. முன்பணம் என்ற அந்தச் சிறு படியைக்கூட ஏறமுடியாதவர் வெளியிலேயே நின்றனர்.

கென்யாவின் வழி வேறு. அங்கு 2007-இல் அறிமுகமான எம்-பெசா, கைப்பேசி வழியே பணம் அனுப்புவதை அன்றாடப் பழக்கமாக்கியது. அந்தத் தளத்தின்மேல் எம்-கோபா என்னும் நிறுவனம் 2012-இல் தன் வணிகத்தைத் தொடங்கியது. சிறு முன்பணம் செலுத்தியவருக்கு ஒரு தகடு, சில விளக்குகள், கைப்பேசி மின்னேற்றி, வானொலி. பின் ஓராண்டுக் காலம் நாளொன்றுக்கு 40, 50 ஷில்லிங். பெட்டிக்குள் ஒரு சிம் அட்டை. பணம் வந்தால் விளக்கு எரியும்; வராவிட்டால் தொலைவிலிருந்தே அணைக்கப்படும். பிணையில்லை, ஜாமீன்தாரர் இல்லை. எந்த ஊர்ப் பெரியவரின் கையொப்பமும் தேவையில்லை. வங்கி மேலாளரின் முகச்சுளிப்பைக் கண்டு திரும்பிய அனுபவமுள்ள எவருக்கும் இதன் அருமை விளங்கும்.

ஆனால் அந்தச் சிம் அட்டையைப் பற்றியும் நாம் பேசியாகவேண்டும். கந்துவட்டிக்காரர் வாசலில் வந்து நிற்பார். இங்கோ வாசலுக்கு எவரும் வருவதில்லை, விளக்கு மட்டும் அணைந்துவிடும். தவணைகளின் கூட்டுத்தொகை ரொக்க விலையைவிட அதிகம். அதில் கடனின் செலவு அடங்கியுள்ளது. அதை வட்டி விகிதமாகத் தெளிவாகச் சொல்லும் கட்டாயம் தொடக்கத்தில் பெரிதாக இருக்கவில்லை. நிறுவனங்களும் பாதுகாப்பாக இல்லை. முதலீடு டாலரிலும் யூரோவிலும் வருகிறது, வருமானமோ ஷில்லிங்கில். உள்நாட்டு நாணயம் சரிந்தால் கணக்கு தலைகீழாகும். பெர்லினில் தலைமையகம் கொண்டு கிழக்காப்பிரிக்காவில் இயங்கிய மோபிசோல் 2019-இல் நொடிப்பு நிலையை அறிவித்தது. பிரெஞ்சு எரிசக்திப் பெருநிறுவனமான எஞ்சீ அதை வாங்கிக்கொண்டது.

இந்தியாவுக்கு வருவோம். இங்கு மின்சாரம் சென்றடைந்ததை அளக்கும் அளவுகோலிலேயே சாதி இருந்தது. 1997 வரை ஒரு கிராமத்தின் வருவாய் எல்லைக்குள் எங்கேனும், எதற்கேனும் மின்சாரம் பயன்பட்டால் அது மின்மயமான கிராமம். ஒரு நிலவுடைமையாளரின் பம்புசெட் போதும். சேரி இருட்டில் கிடந்தாலும் கணக்கில் வெளிச்சம். 2004-இல் வந்த வரையறைதான் முதன்முறையாகக் குடியிருப்புப் பகுதியோடு, தலித் குடியிருப்பு இருப்பின் அதிலும் மின்மாற்றி, மின்கம்பி ஆகியன இருக்கவேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னது. பொது இடங்களுக்கு மின்சாரம் வேண்டும், மொத்த வீடுகளில் பத்து விழுக்காட்டுக்கேனும் இணைப்பு வேண்டும் என்றது. மீதித் தொண்ணூறு விழுக்காடு யார் என்று அது கேட்கவில்லை. 2018 ஏப்ரலில் மணிப்பூரின் லெய்சாங் ஊரோடு நாட்டின் எல்லாக் கிராமங்களும் மின்மயமாயின என அறிவிக்கப்பட்டது இந்த வரையறையின்படிதான். வீடுகளைத் தனியாக எண்ணும் சௌபாக்கியா திட்டம் 2017 செப்டம்பரில்தான் தொடங்கிற்று. தேசிய மாதிரிக் கணக்கெடுப்புத் தரவுகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வுகள், வருமானம் போன்ற காரணிகளைக் கழித்துப் பார்த்த பின்னும் பட்டியல் சாதி, பழங்குடி வீடுகளின் மின்பயன்பாடும் எரிவாயுப் பயன்பாடும் பிறரைவிடக் குறைவாயிருப்பதைக் காட்டியுள்ளன.

தூய ஆற்றலுக்கென்று இந்தியா திரட்டிய நிதியின் கதையும் அறியத்தக்கது. 2010-இல் ஒரு டன் நிலக்கரிக்கு 50 ரூபாய் தீர்வை விதிக்கப்பட்டது. 2016-இல் அது 400 ரூபாயாயிற்று. அதைக் கொண்டு தேசியத் தூய ஆற்றல் நிதியம் அமைந்தது. 2017-18 வரை திரண்ட தொகை ஏறத்தாழ 86,000 கோடி. நிதியத்துக்கு மாற்றப்பட்டது 30,000 கோடிக்கும் சற்றுக் குறைவு. திட்டங்களுக்குச் சென்றது அதிலும் பாதியளவே. சரக்கு சேவை வரி வந்தபின் அத்தீர்வை மாநிலங்களுக்கான இழப்பீட்டுக் கணக்கில் கரைந்தது. நிலக்கரிச் சுரங்கங்களின் தூசியைச் சுவாசித்த மக்களின் பெயரில் அந்தப் பணத்தில் எவ்வளவு செலவானது என்பதற்குத் தனிக் கணக்கு வைக்கப்படவில்லை.

இன்றைய பெருந்திட்டங்கள் இரண்டு. பிரதமரின் குசும் திட்டத்தின்கீழ் தனித்தியங்கும் சூரியப் பம்புசெட்டுக்கு மத்திய அரசு 30 விழுக்காடு, மாநில அரசு 30 விழுக்காடு. மீதியை உழவர் ஏற்கவேண்டும், அதில் பெரும்பகுதிக்கு வங்கிக் கடன் பெறலாம். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர், பழங்குடிச் சிறு குறு உழவர்க்குக் கூடுதல் மானியம் உண்டு. நல்லது. ஆனால் பம்புசெட்டுக்கு நிலமும் கிணறும் வேண்டும். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் சாகுபடி நிலப்பரப்பில் பட்டியல் சாதியினர் வசமிருப்பது ஒன்பது விழுக்காட்டுக்கும் குறைவு. நிலமற்ற வேளாண் கூலிக்கு இந்த மானியத்தில் எந்தப் பங்கும் இல்லை. மானியத்தின் விழுக்காட்டை உயர்த்துவதால் மட்டும் இது சரியாகாது.

மற்றொன்று, 2024 பிப்ரவரியில் தொடங்கிய வீட்டுக்கூரைச் சூரியமின் திட்டம். ஒரு கோடி வீடுகள், 75,021 கோடி ரூபாய், வீட்டுக்கு அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம். கூரை சொந்தமாக இருக்கவேண்டும், தகட்டைத் தாங்கவேண்டும், மின் இணைப்பு தன் பெயரில் வேண்டும், மானியம் நிறுவிய பின்னரே வங்கிக் கணக்குக்கு வரும். காரை பெயர்ந்து கம்பி தெரியும் தொகுப்பு வீட்டின் கூரையில் எந்தப் பொறியாளர் தகடு வைக்கச் சம்மதிப்பார்? பாட்டன் பெயரில் கிடக்கும் பட்டாவையும், பட்டாவே இல்லாத புறம்போக்குக் குடியிருப்பையும் வைத்து எந்த வங்கியில் கடன் கேட்பது? தமிழ்நாட்டில் இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசம் என்பதால், சிறிதளவே மின்சாரம் பயன்படுத்தும் குடும்பத்துக்குக் கூரைத் தகட்டால் மிச்சமாகும் பணமும் சொற்பம். ஆக, அதிகம் செலவழிப்பவருக்கே அதிக ஆதாயம்.

மாற்று வழி ஒன்று நம் அருகிலேயே உள்ளது. மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி, ஆர். சண்முகம் தலைவராயிருந்த காலத்தில், 2006-இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. விலை 1.55 கோடி ரூபாய். அதில் 40 இலட்சம் ஊராட்சியின் சேமிப்பு. மீதி வங்கிக் கடன். காற்றாலை நிற்பது ஓடந்துறையில் அன்று, காற்று வீசும் உடுமலைப் பக்கத்து மைவாடியில். மின்சாரம் மாநில மின்தொகுப்புக்குச் செல்ல, ஊராட்சியின் தேவை போக எஞ்சியதற்கு வருமானம் வந்தது, கடனும் அடைந்தது. யாருடைய கூரையும் இதற்குத் தேவைப்படவில்லை. கடன் வாங்கியது குடும்பமன்று, ஊராட்சி. சொத்தும் பொதுச்சொத்து.

இதே தருக்கத்தைக் கூரைத் திட்டத்துக்கும் விரிக்கலாம். மின்வாரியமோ பிற நிறுவனமோ தன் செலவில் அமைப்பை நிறுவி, பயனை வீட்டாருக்கு வழங்கும் முறைக்கு மத்திய அரசு 2024 டிசம்பரில் நெறிமுறை வெளியிட்டுள்ளது. ஆதிதிராவிடர் நல விடுதிகள், பள்ளிகள், சமுதாயக் கூடங்கள் ஆகியவற்றின் கூரைகளில் நிறுவி, அந்த மின்சாரத்தின் வருமானத்தைச் சுற்றியுள்ள குடியிருப்பின் பெயரில் வரவு வைக்கும் முறையை மாநில அரசு வகுக்க முடியும். இதற்கான பணம் மானியத்தில் மட்டும் இல்லை. பட்டியல் சாதியினருக்கான துணைத்திட்ட நிதியில் ஒவ்வொரு துறைக்கும் பங்கு உண்டு. தமிழ்நாடு 2024-இல் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. ஒன்றிய நிதிநிலை அறிக்கையின் செலவின விவரத்தில் 10ஏ எண்ணிட்ட பட்டியல், புதுப்பிக்கத்தக்க ஆற்றல் அமைச்சகம் இந்தத் தலைப்பில் எவ்வளவு காட்டியிருக்கிறது என்பதை ஆண்டுதோறும் சொல்கிறது. அந்தத் தொகையில் எத்தனை தகடுகள் எந்தக் காலனியின் கூரைக்கு வந்தன என்பதை அது சொல்வதில்லை. மாவட்டவாரியாக, ஊர்ப்பெயரோடும் பயனாளி எண்ணிக்கையோடும் அதைக் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு எழுத இரண்டு பக்கமும் பத்து ரூபாயும் போதும்.