நரி இல்லாத நாட்டில் கோழி வளர்த்த கதை



'நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி' என்று நம் முன்னோர் ஒரு பழமொழி சொல்வார்கள். தமிழ்நாட்டுக் கிராமத்தில் பிறந்தவர்களுக்கு நரி என்பது வெறும் கதைப் பாத்திரம் அன்று. பொழுது சாய்ந்தால் ஊர்க்கோடியில் ஊளையிடும். ஏமாந்த நேரம் பார்த்துக் கோழியைக் கவ்விக்கொண்டு ஓடும். ஆனால் நம் பாட்டன்மார் கப்பலேறி வந்து இறங்கிய மலாயாவில் நரி கிடையாது. அப்படியிருந்தும் லயத்துக் கோழிகள் இரவோடு இரவாகக் காணாமற் போயின. நரி இல்லாத நாட்டில் கோழியைத் தின்றது யார்? அதை நம்மவர்கள் எப்படித் தடுத்தார்கள்? இன்று நாம் பார்க்கப்போவது அந்த வரலாற்றைத்தான்.

முதலில் கோழியின் பூர்வீகத்தைத் தெரிந்துகொள்வோம். நாம் வளர்க்கும் கோழிகளுக்கெல்லாம் மூதாதை, தெற்காசிய, தென்கிழக்காசியக் காடுகளில் வாழும் சிவப்புக் காட்டுக்கோழி. மலாய் மொழியில் இதை 'ஆயாம் ஹூத்தான்' என்பார்கள். டார்வின் என்ற இயற்கை அறிஞர் 1868ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலேயே இதை எடுத்துரைத்தார். தாய்லாந்தில் பான் நோன் வாட் என்னும் இடத்தில் கிடைத்த கோழி எலும்புகள் கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்டவை என்று 2022ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி ஒன்று கூறுகிறது. மனிதன் தானியம் பயிரிட்டான். சிந்திய மணியைத் தேடிக் காட்டுக்கோழி வந்தது. வந்த கோழி வீட்டோடு தங்கிவிட்டது என்று அந்த ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

காட்டுக்கோழி இரவில் தரையில் உறங்குவதில்லை; மரக்கிளையில் ஏறி அடையும். தரையில் திரியும் பகைவரிடமிருந்து தப்பிக்க அது கண்ட வழி அது. வீட்டுக்கோழியும் அந்திப்பொழுதில் உயரமான இடத்தைத் தேடுவது அந்தப் பழைய பழக்கத்தால்தான். ஆனால் இருட்டிவிட்டால் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. பகைவன் பக்கத்தில் வந்து நின்றாலும் அது ஓடாது. ஆகவே, கோழியை வளர்க்கத் தொடங்கிய நாள்முதல் அதன் இரவுக் காவல் மனிதனுடைய பொறுப்பாகிவிட்டது.

தமிழ்நாட்டில் அந்தக் காவலுக்கு நம்மவர்கள் கண்ட கருவி பஞ்சாரம். மூங்கில் சிம்பாலோ விளாராலோ பின்னிய பெரிய கூடை அது. கோழிகளை அதற்குள் கவிழ்த்து, மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டால் போதும். நரி நாய்க்கு உறவு. தரையில் ஓடும் விலங்கு. கூடையைப் புரட்ட முடியாவிட்டால் சுற்றிச் சுற்றி வந்துவிட்டுப் போய்விடும். அந்த ஊருக்கு அந்தக் காவல் போதுமானதாக இருந்தது.

இனி மலாயாவுக்கு வருவோம். கரும்பு, காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் ரப்பர்த் தோட்டங்களுக்கும் சென்னை மாகாணத்திலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வந்தன. காட்டை அழித்து உண்டாக்கிய தோட்டம். தோட்டத்தின் எல்லையில் மீண்டும் காடு. அந்தக் காட்டிலிருந்து வந்தவை நம்மவர்கள் ஊரில் பழகிய பகைவர்கள் அல்லர்.

முதலாவது மூசாங். இது மரநாய், புனுகுப்பூனை இனத்தைச் சேர்ந்தது. இதன் உடலிலிருந்து பாண்டான் இலையின் மணம் வீசுவதால் மலாய்க்காரர்கள் ஒரு வகையை 'மூசாங் பாண்டான்' என்றே அழைக்கிறார்கள். இரண்டாவது 'சாவா' என்னும் மலைப்பாம்பு. மூன்றாவது 'பியாவாக்' என்னும் உடும்பு. இது பகலில் வந்து முட்டையையும் குஞ்சையும் கவரும். நான்காவது, வானத்தில் வட்டமிடும் பருந்து.

நரிக்கும் இவற்றுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். மூசாங் மரம் ஏறும். கூரை வழியே இறங்கும். பாம்போ சின்ன இடுக்கு கிடைத்தாலும் உடலை நுழைத்துவிடும். நரிக்கென்று அமைந்த காவல் இவற்றின் முன் தோற்றது. மரத்தில் அடைந்த கோழிக்கும் பாதுகாப்பில்லை. தரையில் கவிழ்த்த கூடைக்கும் பாதுகாப்பில்லை.

இழப்பு சிறியதன்று. அந்த நாள்களில் தோட்டத்துக் குடும்பத்திற்குக் கோழிதான் கையிருப்பு. தீபாவளிக்குக் குழம்பு, பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சாறு, முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட சேவல், அவசரத்துக்கு விற்றுக் காசாக்கும் பெட்டை என்று எல்லாம் அந்தக் கூண்டுக்குள்தான் இருந்தன. சம்பளம் வரும் நாள் தோட்ட நிருவாகத்தின் கையில். கோழியோ வீட்டுப் பெண்ணின் கையில். ஒரே இரவில் மூசாங் புகுந்து நான்கு கோழிகளைக் கடித்துப் போட்டால், ஒரு தாயின் பல மாதச் சேமிப்பு போயிற்று என்று பொருள்.

இந்த மண்ணின் பகைவர்களை நெடுங்காலமாக அறிந்தவர்கள் மலாய்க் கம்பத்து மக்கள். அவர்களுடைய வீடே தூண்களின் மேல் நிற்கும். கோழிக்கென அவர்கள் கட்டும் 'ரெபான்' என்னும் கூண்டையும் கால் கொடுத்துத் தரையிலிருந்து உயர்த்திக் கட்டும் வழக்கம் உண்டு. தோட்டங்களிலும் பலகையும் பழைய தகரமும் கொண்டு, கால் வைத்த கோழிக்கூண்டுகள் லயத்துக்குப் பின்னால் எழுந்தன. ஆனால் பஞ்சாரம் மறைந்துவிடவில்லை. பகலில் தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் பருந்திடமிருந்து காக்க அது உதவியது. ஊரிலிருந்து கொண்டுவந்த அறிவும் இந்த நாட்டில் கற்ற அறிவும் ஒரே கொல்லையில் சேர்ந்து பயன் தந்தன.

அறுகோணக் கண் கொண்ட கம்பி வலையை 1844ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நார்விச் நகரத்து சார்லஸ் பார்னார்ட் என்பவர் உருவாக்கினார். அது உலகெங்கும் பரவி, கோழிக்கூண்டு என்றாலே கம்பி வலை என்றாகிவிட்டது. ஆனால் அந்த வலை கோழியை உள்ளே நிறுத்துமே தவிர, பகைவனை முழுதும் வெளியே நிறுத்தாது. அதன் கண் வழியே எலியும் இளம் பாம்பும் நுழையும். பாம்பு கோழியை விழுங்கிய பின் வயிறு பெருத்து, வந்த வழியே வெளியேற முடியாமல் விடியும்வரை கூண்டிலேயே கிடப்பதும் உண்டு.

1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் தோட்டத் தொழிலாளர்கள் பலரை ஓரிடத்தில் திரட்டி, குடியிருப்பைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். இரவில் ஊரடங்கு. அந்த வேலி மனிதனைத் தடுத்தது. மூசாங்கையும் பாம்பையும் அத்தகைய வேலி தடுக்காது. கூண்டின் கதவு ஒன்றுதான் கோழிக்கு உண்மையான வேலி.

அதன்பின் தோட்டமே மாறியது. 1917ஆம் ஆண்டு சிலாங்கூரின் தென்னமராம் தோட்டத்தில் வாணிப முறையில் தொடங்கிய செம்பனைப் பயிர், 1960களுக்குப் பிறகு வேகமாகப் பரவி, 1990ஆம் ஆண்டு வாக்கில் பரப்பளவில் ரப்பரை விஞ்சியது. செம்பனைப் பழத்தை எலி தின்னும், எலியைத் தேடிப் பாம்பு வரும், சிறுத்தைப்பூனை வரும். மூசாங்கோ பழத்தையும் தின்னும், எலியையும் பிடிக்கும். இவையெல்லாம் லயத்தருகே நடமாடும்போது, திறந்து கிடக்கும் கோழிக்கூண்டு கண்ணில் படாமல் போகுமா?

'அப்படியானால் அவற்றைக் கொன்றுவிட்டால் என்ன?' என்று சிலர் கேட்கலாம். இங்கேதான் நாம் சற்றுச் சிந்திக்க வேண்டும். மலைப்பாம்பும் சிறுத்தைப்பூனையும் செம்பனைக் காட்டில் பெரும்பாலும் எலியைத் தின்று வாழ்பவை. எலியை அடக்கவே பல தோட்டங்கள் ஆந்தைக்குப் பெட்டி வைத்து வளர்த்தன. கடுமையான எலிமருந்தைப் பயன்படுத்திய இடங்களில், மருந்துண்ட எலியைத் தின்று அந்த ஆந்தைகளே மாண்டதையும் ஆய்வாளர்கள் கண்டார்கள். நஞ்சு வைத்தால் அது பகைவனோடு நிற்காது. வீட்டு நாயையும் பூனையையும் பிடிக்கும். மேலும், 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வனவிலங்கைப் பிடிக்கச் சுருக்கு வைப்பது குற்றம். கூண்டுக்குள் பெரிய பாம்பைக் கண்டால் நீங்களே அடிக்கப் போகாதீர்கள். வனவிலங்குத் துறைக்கோ பொதுத் தற்காப்புப் படைக்கோ சொல்லியனுப்புங்கள்.

ஒரு மூசாங்கைக் கொன்றால் அடுத்தது வரும். கூண்டைச் சீராக்கினால் எதுவும் நுழையாது. இந்த வரலாறு நமக்குச் சொல்லும் பாடம் இதுதான்: பகைவன் யாரென்று பார்த்து, அதற்கேற்ற கூண்டைக் கட்டு.

முதலில் தடயத்தைப் பாருங்கள். இறகு சிதறி, கழுத்து கடிபட்டு, ஒன்றுக்கு மேற்பட்ட கோழிகள் செத்துக் கிடந்தால் அது பெரும்பாலும் மூசாங். இரத்தமும் இறகும் இல்லாமல் கோழி மறைந்திருந்தால் பாம்பை நினையுங்கள். பகலில் முட்டை போனால் உடும்பு. குஞ்சு போனால் உடும்போ பருந்தோ.

கூண்டு மூன்றடி உயரக் காலில் நிற்கட்டும். காலைச் சுற்றி வழுவழுப்பான தகரத்தை அடியுங்கள், ஏறுவது வழுக்கிவிடும். மரக்கிளையோ செம்பனை மட்டையோ கூரையைத் தொடாதபடி வெட்டிவிடுங்கள். காற்றுக்கு விடும் இடத்தில் அரை அங்குலத்துக்கு மேற்படாத கண் உள்ள கெட்டியான கம்பி வலை போடுங்கள். கூண்டைச் சுற்றி லாலான் புல் மண்ட விடாதீர்கள். சிந்திய தீனியை மாலையிலேயே கூட்டி அள்ளுங்கள்; தீனி எலியை அழைக்கும், எலி பாம்பை அழைக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக நேரத்தைக் கவனியுங்கள். பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு ஓட வேண்டியவர்கள். போகிற அவசரத்தில் இருட்டிலேயே கூண்டைத் திறந்துவிடும் பழக்கம் நம்மிடையே உண்டு. மூசாங் தன் இருப்பிடத்துக்குத் திரும்பாத நேரம் அது. நன்றாக வெளுத்த பிறகு திறக்கும் வேலையை வீட்டிலிருக்கும் பாட்டியிடமோ, பள்ளிக்குப் புறப்படும் பிள்ளையிடமோ ஒப்படையுங்கள். அந்தியில் விளக்கேற்றும் வேளையில் கோழிகளை எண்ணி அடைத்து, கதவுக்குத் தாழ்ப்பாள் போடுங்கள். ஒரு கோழி குறைந்தால் அன்றே தேடுங்கள். கொல்லைப் புதரில் அடைகாத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

எண்ணி அடைத்த கோழி காலையிலும் எண்ணிக்கை குறையாமல் இறங்கும். வீட்டுப் பெண்ணின் சேமிப்பும் குறையாது. எலி பிடிக்கும் காட்டுயிரும் பிழைத்துப் போகும்.