சொல்லாதவிடத்துக் கொள்ளும் பொருள்

தமிழ்த் தொடர்களில் உருபுகள் மறைந்து நிற்றலும், மறைந்தவற்றைக் கேட்போர் தாமே விரித்துப் பொருள் கொள்ளுதலும் இலக்கணங் கற்றார் யாவரும் அறிந்தவையே. ‘பால் குடித்தான்’ என்புழி இரண்டாம் வேற்றுமை உருபு தொக்கு நிற்பினும் பொருள் பிறழ்வதில்லை. ஆயின், ஆட்சியிலும் அலுவலக வழக்கிலும் சொல்லாது விடப்பட்டதை நிரப்புவோர் யாவர் என்னும் வினா, மக்களின் உரிமையையே தீர்மானிக்க வல்லது. ஊவா மாகாணத் தோட்டங்களின் வரலாறு இதற்குச் சான்று பகரும்.

புகையிரதப் பாதை 1894ஆம் ஆண்டில் பண்டாரவளையை அடைந்தது. எல்ல, தெமோதரை வழியாக 1924இல் பதுளையை எட்டியது. தேயிலைப் பெட்டிகளுக்கு வழி திறந்தது. தொழிலாளரின் லயன் அறைகளுக்கோ தனி இலக்கம் வாய்க்கவில்லை. கடித உறையில் தோட்டத்தின் பெயர் மட்டுமே இருப்பின், கடிதம் தோட்ட அலுவலகத்தையே சென்றடையும். குறிப்பிடாத முகவரியை அலுவலகமே நிரப்பியது என்க.

இதனினும் பெரியதொன்று குடியுரிமைச் சட்டம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம், தந்தையோ, பாட்டனும் முப்பாட்டனுமோ இந்நாட்டிற் பிறந்தமையை நிறுவுமாறு வேண்டிற்று. பிறப்புப் பதிவுகள் அரிதாயிருந்த தோட்ட மக்களுள் மிகப் பலர் அவ்வாறு நிறுவ இயலாது நாடற்றோராயினர். சான்று இல்லாதவிடத்து ‘குடிமகன் அல்லன்’ என்பதே கொள்ளப்பட்ட பொருள். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே, 1964 ஒக்டோபர் 30 முதல் ஈண்டு நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்கியது.

மொழியின் கதையும் அத்தகையதே. 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியாயிற்று. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கிற்று. 1999இல் பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிருவாகத்துக்குரியனவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டன.

இன்று அலுவலகத்தின் வாயில் இணையத்தளமாகவும் அமைந்துள்ளது. பன்மொழித் தளங்கள் பலவற்றில், முகவரியில் தளப்பெயரை அடுத்து வரும் கூறு மொழியைச் சுட்டும். ஒரு பக்கத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் ஒவ்வோர் இணைப்பையும் நிரல் ஆக்குங்கால், அம்மொழிக் கூற்றையும் வழங்குதல் வேண்டும். ஓரிடத்தில் மறப்பின் வழு நேரும். அன்றேல் தளத்தின் முதன்மொழிக்கு வாசகர் தள்ளப்படுவார்.

இக்குறையை நீக்க எழுந்ததே இயல்புப் பெறுமானம் என்னும் முறை. வாசகரின் வேண்டுகோள் வந்தவுடன் இடையீட்டு நிரலொன்று அவர் தெரிந்த மொழியை அறிந்து நிறுவிவிடும். அதன்பின் ஆக்கப்படும் இணைப்புகள் யாவும் அம்மொழியைத் தாமே ஏற்கும். வெளிப்படையாக வேறு மொழி கூறப்படின் அதுவே வெல்லும். ரெயில்ஸ் (2004), பிளாஸ்க் (2010), லாரவெல் (2011) ஆகிய சட்டகங்கள் இதற்கு வழிசெய்துள்ளன. ஆயினும் இப்பெறுமானம் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் புதிதாக நிறுவப்படல் வேண்டும். ஒருவர்க்கு நிறுவியது நினைவகத்திற் தங்குமாயின் அடுத்தவர்க்கும் அதுவே திணிக்கப்படும்.

2010ஆம் ஆண்டு முதல் ‘.இலங்கை’ எனத் தமிழிலேயே தளப்பெயர் முடிதல் இயலும். எனினும், பெயர் தமிழாயிருத்தல் மட்டும் போதாது. விண்ணப்பத்தின் முதற்பக்கத்திற் தமிழைத் தெரிந்தவர்க்கு இறுதிப் பக்கமும் தமிழிலேயே தோன்றுமாயின், அதுவே சட்டம் நடைமுறையாயிற்று என்பதற்கு அடையாளம். சொல்லாதவிடத்து எப்பொருளைக் கொள்வது என்பது இயற்கையன்று. ஒருவர் எழுதிவைத்த தீர்ப்பேயாகும். 1948இல் அது சட்டநூலில் எழுதப்பட்டது. இன்று நிரலிலும் எழுதப்படுகிறது. நிரல் எழுதப் பயிலும் நம் மாணவர் இதனை நினைவிற் கொள்வாராக.