வேஷம் கலைந்த பிறகும்

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் ஊர்கள் விழுப்புரம், கடலூர் மாவட்ட ஊர்களோடு பின்னிக் கிடப்பவை. 1954 நவம்பர் வரை அவற்றுக்கு நடுவே பிரெஞ்சு இந்தியாவின் எல்லை ஓடியது. ஆட்சி இரண்டாக இருந்தாலும் திரௌபதி அம்மன் வழிபாடும் அதையொட்டிய பாரதக் கூத்தும் இரு பக்கத்துக்கும் பொது. நடிகரைப் பார்க்கும் பழக்கம் இப்பகுதி மக்களுக்கு முதலில் வந்தது அந்தக் கூத்துக்களத்திலிருந்துதான். பின்னாளில் சினிமாக் கொட்டகைக்குப் போனபோதும் அதையே கொண்டுபோனார்கள்.

கூத்தில் கதை யாருக்கும் புதிதல்ல. பகலில் பாரதப் பிரசங்கம் கேட்டவர்கள்தான் இரவில் களத்தைச் சுற்றி உட்கார்கிறார்கள். அதனால் அவர்கள் கவனம் ஆளின்மேல் போகிறது: இன்று துரியோதனன் யார், திரௌபதி யார்? ஒரே ஜமா (கூத்துக்குழு) பல இரவுகள் ஆடும்போது, வில்வளைப்பில் அர்ச்சுனனாக வந்தவர் இன்னோர் இரவில் வேறு வேஷம் கட்டி வரலாம். இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் முதலில் சலங்கை ஒலிக்கும், குரல் எழும். பிறகே கிரீடமும் புஜக்கட்டையும் தெரியும். திரை விலகுவதற்குள் குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுபவர்கள் கூட்டத்தில் இருப்பார்கள். அந்தக் குரல் முன்பு எந்தெந்த வேஷத்தில் கேட்டது என்ற நினைவும் அப்போதே கூட வந்துவிடுகிறது.

இந்த நினைவு எவ்வளவு வலியது என்பதைத் துகிலுரிதல் இரவு காட்டும். சேலையைப் பற்றி இழுக்கும் முன் துச்சாதன வேஷக்காரர் அம்மனை வேண்டி மன்னிப்புக் கேட்பது பல ஜமாக்களில் வழக்கம். வேஷத்தின் பாவம் ஆளின்மேல் ஒட்டும் என்ற அச்சம் அவருக்கும் உண்டு, பார்ப்பவர்களுக்கும் உண்டு. திரௌபதி வேஷம் கட்டும் ஆண் அந்த இரவில் வணக்கத்துக்கு உரியவராகிவிடுகிறார்.

வேஷம் ஆளை விடாமல் பின்தொடர்ந்ததற்கு நாடக உலகம் சொல்லும் பெரிய சாட்சி சங்கரதாஸ் சுவாமிகள். 1867-இல் பிறந்த அவர் சனீஸ்வரன், எமன், இரணியன் போன்ற உக்கிர வேஷங்களில் பெயர் பெற்றவர். விடியலில் சனீஸ்வரன் வேஷத்தைக் கலைக்க நீர்நிலைக்குப் போனபோது, கண்ட பெண்ணொருத்தி அதிர்ந்து இறந்துபோனாள் என்றும், அதன்பின் அவர் நடிப்பை விட்டு நாடகம் எழுதுவதிலும் பயிற்றுவிப்பதிலும் இறங்கினார் என்றும் வழங்கிவருகிறது. 1922-இல் அவர் மறைந்தது புதுச்சேரியில். புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி அவர் பெயரையே தாங்கியிருக்கிறது.

அவர் வளர்த்த பாய்ஸ் கம்பெனி மரபில் நடிகர்கள் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட் என்று பார்ட்டாலேயே அறியப்பட்டார்கள். கள்ளபார்ட் நடராஜன் சினிமாவுக்கு வந்தபோது அந்த அடைமொழியும் கூடவே வந்தது. கணேசன் என்ற இளைஞர், அண்ணாவின் நாடகத்தில் சிவாஜியாக நடித்ததைப் பார்த்த பெரியார் அழைத்த பெயரோடு வாழ்நாள் முழுவதும் சிவாஜி கணேசனானார். மேஜர் சுந்தரராஜன், வெண்ணிற ஆடை நிர்மலா, நிழல்கள் ரவி என்று வரிசை நீள்கிறது. இவற்றில் புதுச்சேரிக்கு நெருக்கமானது ஜாவர் சீதாராமனின் பெயர். விக்டர் ஹ்யூகோவின் பிரெஞ்சு நாவலை, புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் நீண்ட காலம் வாழ்ந்த சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ என்று தமிழில் தந்தார். அது 1950-இல் படமானபோது, விடாமல் துரத்தும் போலீஸ் அதிகாரி ஜாவராக நடித்தவர் சீதாராமன். பிறகு அவர் எந்தப் படத்தில் தோன்றினாலும் ஜாவரும் கூடவே தோன்றினார். பெயரே அதற்கு வழி செய்தது.

எம்.ஜி.ஆர். விஷயத்தில் இந்த நினைவு கட்டளையாகவே மாறியது. அவர் ஏற்ற நல்லவர் வேஷங்கள் சேரச்சேர, அவர் திரையில் சாவதை ரசிகர்கள் பொறுக்கவில்லை. ‘பாசம்’ (1962) படத்தில் நாயகன் இறந்துபோவதை அவர்கள் ஏற்கவில்லை. ஆனால் ‘மதுரை வீரன்’ (1956) படத்தில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு அவர் மாண்டதை அதே மக்கள் ஏற்றுக் கொண்டாடினார்கள். மதுரை வீரன் கிராமத்துச் சாமி; அவன் முடிவு எல்லாரும் அறிந்தது. கூத்தில் கர்ணன் விழுவதைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அந்தச் சாவு பூசைக்குரியது. நடிகரின் முந்தைய வேஷத்தைவிட ஆழமான நினைவு ஒன்று அங்கே வேலை செய்தது. அவர் வேஷங்களின் நினைவு அரசியலுக்கும் எட்டியது. 1974-இல் எம்.ஜி.ஆரின் கட்சியான அ.தி.மு.க. முதன்முதலாக ஆட்சியில் அமர்ந்தது புதுச்சேரியில்தான், தமிழ்நாட்டுக்கு மூன்றாண்டு முன்னதாக. அந்த ஆட்சி ஒரு மாதம்கூட நிற்கவில்லை. அந்த வெற்றிக்கு அரசியல் காரணங்கள் பல உண்டு என்றாலும், திரையில் ஏழைக்காக நின்றவர் என்ற நினைவை ஒதுக்கிவிட்டு அதை விளக்க முடியாது.

வில்லன் முகங்களின் கதை இன்னும் சுவையானது. ‘கர்ணன்’ (1964) படத்தில் துரியோதனனாக வந்தவர், வில்லனாகப் பழகிய அசோகன். நட்புக்கு உருகும் துரியோதனனை அந்த முகத்தில் கண்டபோது பார்ப்பவர் மனம் இரு பக்கமும் இழுபட்டது. எம்.என். நம்பியார் நிஜ வாழ்க்கையில் சபரிமலைக்கு ஆண்டுதோறும் மாலை போட்ட குருசாமி. ஆனால் அவர் திரையில் கையைப் பிசைந்தாலே கொட்டகை திட்டத் தொடங்கும். பல்லாண்டு சேர்ந்த அந்த வெறுப்பை முதலாக்கி, ‘தூறல் நின்னு போச்சு’ (1982) படத்தில் பாக்யராஜ் அவரை அன்பான வாத்தியாராக்கினார். புதுமுகம் ஒருவர் நடித்திருந்தால் அந்தப் பாத்திரம் பாதி இனிப்பைக்கூடத் தந்திருக்காது.

அமெரிக்க நாடக ஆய்வாளர் மார்வின் கார்ல்சன், முந்தைய வேஷங்கள் ஆவிபோல மேடையில் கூடவே நிற்கின்றன என்று 2001-இல் வெளிவந்த நூலில் விளக்கினார். தமிழ்த் திரையில் அதற்கு நல்ல உதாரணம் ரஜினிகாந்த். ‘மூன்று முடிச்சு’ (1976), ‘16 வயதினிலே’ (1977) படங்களில் கொடியவராகப் பெயர் பெற்று, ‘பைரவி’ (1978) முதல் நாயகனாக வளர்ந்தவர் அவர். 2005-இல் ‘சந்திரமுகி’யில் வேட்டையனாக அவர் கொடூரச் சிரிப்புச் சிரித்தபோது, பிள்ளைகளுக்கு அது தங்கள் நாயகன் காட்டிய புது வேடிக்கை. அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெற்றோர் பார்த்ததோ, ஏறத்தாழ முப்பது ஆண்டுக்கு முன் ‘16 வயதினிலே’யில் தாங்கள் திட்டித் தீர்த்த பரட்டையின் மறுவருகை.