தோட்டப் பள்ளியும் இயங்கலைக் கல்வியும்

நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டங்களில் தமிழ்ப் பள்ளிகள் பெருகியதற்கு, ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் முக்கியக் காரணமாகும். 7 முதல் 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால், அவர்களுக்குப் பள்ளி அமைப்பது தோட்ட நிர்வாகத்தின் கடமை என்று அது வகுத்தது. நிர்வாகங்கள் இக்கடமையைப் பெரும்பாலும் ஓர் அறையோடும் ஓர் ஆசிரியரோடும் முடித்துக்கொண்டமையால், பார்வையற்ற பிள்ளைக்குப் பிரெயில் எழுத்தையோ, காது கேளாத பிள்ளைக்குச் சைகை மொழியையோ கற்பிக்கும் வசதி அங்கு உருவாகவில்லை.

அவர்களுக்கான முன்னோடிப் பள்ளிகள் மாநிலத்துக்கு வெளியே தோன்றின. 1926இல் மலாக்காவில் தொடங்கிப் பின்னர் பினாங்குக்கு இடம்பெயர்ந்த செயின்ட் நிக்கலஸ் இல்லமும், ஜொகூர் பாருவில் எழுந்த இளவரசி எலிசபெத் பார்வையற்றோர் பள்ளியும், 1954இல் பினாங்கில் நிறுவப்பட்ட காதுகேளாதோர் கூட்டரசுப் பள்ளியும் அவற்றுள் அடங்கும். ஆயினும், விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வருகை பதிந்து வேலை பிரித்துத் தரும் கூட்டத்துக்கு, வந்தாக வேண்டிய பால்மரத் தொழிலாளி, கூலியை இழக்காமல் பிள்ளையை அவ்வளவு தொலைவு அழைத்துச் செல்ல இயலாது. விடுதியில் சேர்த்தாலோ, பிள்ளை பெற்றோரையும் தொழிலாளர் குடியிருப்பான லயத்தையும் தமிழ்ச் சூழலையும் பிரிய நேரிட்டது.

குறைபாட்டைக் காரணம் காட்டி எவரையும் பொதுக் கல்வியிலிருந்து விலக்கலாகாது என்று மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் கூறியது. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்து, பாடங்கள் இயங்கலைக்கு, அதாவது இணையவழிக்கு, மாறியபோது பள்ளிக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட தொலைவு சுருங்கியது. தடையோ பாடத்தின் வடிவத்துக்குள் புகுந்தது.

பார்வையற்ற மாணவருக்குத் திரையிலுள்ள எழுத்தைக் குரலாக்கித் தருவது திரைவாசிப்பான் என்னும் மென்பொருளாகும். ஆசிரியர் பாடநூல் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினால், அதில் எழுத்தாக எதுவும் இல்லாமையால் அம்மென்பொருள் வாய் திறப்பதில்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட தாளையோ, அது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக உச்சரிக்கும். 1991 முதலே தமிழுக்கு இடமளித்துள்ள யூனிகோட் குறிமுறையில் பாடத்தைத் தட்டச்சிடுவதும், படத்துக்கு விளக்கம் எழுதுவதும், காணொளிக்கு வசனவரி சேர்ப்பதும் இத்தடையை நீக்கும் வழிகளாகும்; இத்தகைய நெறிமுறைகளை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999இலேயே வெளியிட்டது.

இவ்வேலையைத் தனி ஆசிரியரின் இரக்கத்துக்கு விடுவது நியாயமன்று. பாடம் உருவாகும் இடத்திலேயே, கல்வி அமைச்சும் பாடநூல் ஆக்குவோரும் இதனைச் செய்துவிட்டால், ஒரு முறை செய்த உழைப்பு எல்லாத் தோட்டப் பள்ளிகளுக்கும் பயன்படும்.