பாக் ஜலசந்தியும் சினை நண்டும்

மதுரையில் காளவாசல், கரிமேடு பக்கம் ஞாயிற்றுக்கிழமை நண்டு வாங்குபவர்கள் பலர், "சினை நண்டா பார்த்துப் போடுங்க" என்பார்கள். ருசி அப்படி! ஆனால் அந்த சினைக்குப் பின்னால் ஒரு வியாபார வரலாறே இருக்கிறது.

நீலக்கால் நண்டில் பெண், சட்டை உரித்து உடம்பு மெத்தென்று இருக்கும் நேரத்தில்தான் இணை சேரும். அப்போது கிடைக்கும் விந்தைச் சேமித்து வைத்து, பல முறை முட்டையிடும். ஒரு தடவைக்குப் பல லட்சம் முட்டைகள். அவற்றை வயிற்று மடிப்பில் சுமந்து திரியும். ஆரஞ்சு நிற முட்டை கறுத்தால் பொரியும் நாள் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தச் சில நாட்களுக்குள் வலையில் சிக்கினால் அத்தனையும் போச்சு.

மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் 1947ல் தொடங்கியபோது நண்டுக்குப் பெரிய சந்தை கிடையாது. பிறகு விசைப்படகுகள் வந்தன. அவை தேடியது இறாலை. நண்டு இழுவை மடியில் கூடவே வந்த சரக்கு, அவ்வளவுதான்.

நிலைமையை மாற்றியது அமெரிக்கா. அங்கே செசபீக் விரிகுடாவில் நண்டு குறையக் குறைய, 1990களில் ஆசிய நண்டுச் சதை டின்களில் அடைக்கப்பட்டு அங்கே போக ஆரம்பித்தது. முதலில் தென்கிழக்கு ஆசியா, பிறகு இந்தியா, இலங்கை. ராமநாதபுரம் கரையில் நாட்டுப்படகுக்காரர்களும் நண்டு வலையை நம்பிப் பிழைக்கத் தொடங்கினார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கம்பெனிக்குத் தேவை சதை மட்டும். முட்டை அங்கே கழிவு. ஆனால் கரையில் நண்டு விற்பது எடைக்கு. முட்டையும் எடையில் சேரும்போது, அதைக் கடலில் திரும்ப விடு என்றால் எந்த மீனவர் விடுவார்?

சரி, ஆணை மட்டும் பிடித்தால்? ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் அதுதான் சட்டம். ஆனால் பெரிய ஆண்களையே அள்ளிக்கொண்டு போனால், மிஞ்சும் சிறிய ஆண்களிடமிருந்து பெண்ணுக்குக் கிடைக்கும் விந்து குறையும் அபாயம் உண்டு.

தமிழ்நாட்டில் மீன்பிடித் தடைக்காலம் 2001ல் 45 நாட்களாக வந்தது. 2017 முதல் 61 நாட்கள், ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை. இது விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகுகளுக்கு இல்லை. நண்டோ காலண்டர் பார்ப்பதில்லை. வருடம் முழுக்க முட்டை சுமந்த பெண் நண்டுகள் கிடைக்கும்.

வேறு இடங்களில் என்ன செய்தார்கள்? செசபீக்கில் வர்ஜீனியா மாநிலம் 2008ல், குளிரில் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும் பெண் நண்டுகளை வாரி எடுக்கும் தொழிலை நிறுத்தியது. சில ஆண்டுகள் நண்டு பெருகவும் செய்தது. ஆனாலும் 2022 கணக்கெடுப்பில், 1990ல் கணக்கு தொடங்கியதிலிருந்து இல்லாத அளவுக்குக் குறைந்தது. இந்தோனேசியா 2015ல் முட்டை சுமக்கும் நண்டையும், 10 சென்டிமீட்டருக்குக் குறைந்ததையும் பிடிக்கத் தடை போட்டது. சட்டம் போடுவது சுலபம், நீண்ட கடற்கரையில் யார் காவல் இருப்பது?

தாய்லாந்து மீனவர்களின் வழி கொஞ்சம் வித்தியாசமானது. அதற்குப் பெயர் 'நண்டு வங்கி'. வலையில் சிக்கிய முட்டை நண்டை அங்கே கொண்டுவந்து கூண்டிலோ தொட்டியிலோ விடுகிறார்கள். சில நாட்களில் முட்டை பொரிந்து குஞ்சுகள் கடலுக்குப் போகின்றன. அதன் பிறகு தாய் நண்டு விலைக்குப் போகிறது.